மேசைக்கு வெளியே ஐந்தடி

வீட்டில் ஒரு பூல் மேசை போட்டால் என்ன என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால் கையைக் கொடுங்கள். நாம் ஒரே கட்சி. உங்களுக்கு இன்னும் கையில் காசு வரவில்லை, எனக்கு வந்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் கணக்கு வாத்தியார். பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகப் பரப்பளவும் சுற்றளவும் படிப்பிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. இனி வரப்போகிற கணக்கை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பிள்ளை விரல்விட்டுச் செய்துவிடும். நான் செய்யவில்லை.

எல்லாம் அப்பாவில் தொடங்கியது. அப்பா துரைமார் கிளப்பில் மார்க்கர். மார்க்கர் என்றால் வைட்போர்டில் எழுதுகிற பேனை என்று என் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது இல்லை. துரைமார் பில்லியட்ஸ் ஆடும்போது சுவரோரம் நின்று புள்ளி எண்ணிச் சொல்லுகிறவர். குழியில் விழுந்த பந்தை எடுத்து வைக்கிறவர். கியூக் கம்பை எடுத்துக் கொடுத்து, வாங்கி வைக்கிறவர். இருபது வருஷம் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அந்த நடையைக் கதிர்காமத்துக்கு நடந்திருந்தால் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும். ஒரு பந்துகூட அவர் அடித்ததில்லை.

சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது ஜன்னல் வழியாக அந்த மேசையைப் பார்ப்பேன். மேலே தொங்குகிற விளக்கு, கீழே பச்சை. எங்கள் ஊரில் பச்சை என்றாலே சரிவுதான். தேயிலை மலை சரிவு, புல்லுமலை சரிவு, லயத்துக்குப் பின்னால் அம்மா போட்ட போஞ்சித் தோட்டமும் சரிவு. தட்டையான பச்சை ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது அந்த ஜன்னலில்தான். கண்ணை எடுக்க முடியவில்லை. சோறு ஆறிப்போனதற்கு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்பாவின் தகரப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு பத்திரிகைத் துண்டும் இருந்தது. எம்.ஜே.எம். லாபிர், 1973, பம்பாய், உலக அமெச்சூர் பில்லியட்ஸ் சாம்பியன். இலங்கைக்கு விளையாட்டில் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அர்ஜுனவின் அணிக்குக் கிரிக்கெட் உலகக் கோப்பை வந்தது 1996இல். "அர்ஜுனவுக்கு இருவத்திமூனு வருசத்துக்கு முந்தியே லாபிர்" என்று அப்பா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமும் சொல்லுவார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அர்ஜுனவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

இப்படி ஒரு பரம்பரையில் வந்தவனுக்கு அரியர்ஸ் காசு மொத்தமாகக் கிடைத்தால் என்ன நடக்கும்? கையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மனைவி பிரிட்ஜ் என்றாள். மகன் லெப்டொப் என்றான். நான் பூல் மேசை என்றேன்.

"பூலா? ரெண்டு நாளைக்கு ஒருக்காதாங்க நம்ம பைப்புல தண்ணி வருது" என்றாள் மனைவி.

நீச்சல் குளம் இல்லை, மேசை என்று விளக்கினேன். அவள் முகம் தெளிந்தது. சாப்பாட்டு மேசையாக்கும் என்று நினைத்திருக்கிறாள். அந்த இடத்தில் நான் விளக்குவதை நிறுத்திக்கொண்டேன். இது என் முதல் பாவம்.

அம்மாவிடம் விலையை மறைக்க முடியவில்லை. அம்மா எந்த விலையையும் பேரில் மாற்றித்தான் பார்ப்பாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். 2024இல் அதற்கான சம்பளம் 1,350 ரூபா ஆனது. "எண்பத்தோரு பேருடா, கையில அறுநூத்தம்பது மிச்சம்" என்றாள், வெற்றிலை மடிக்கிற கை நிற்காமல். கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் கணக்கு யாருக்கு வரும் என்பதில் அன்று ஒரு தெளிவு வந்தது.

மூன்று கிழமை போனிலேயே ஆராய்ச்சி. பூல் மேசையில் ஏழடி, எட்டடி, ஒன்பதடி என்று சைஸ் உண்டு. ஸ்னூக்கருக்குப் பன்னிரண்டடி. நல்ல மேசையின் வயிற்றுக்குள் கல் இருக்கும், சிலேட்டுக் கல். கல் வளையாது, ஈரம் குடிக்காது, பந்து நூல் பிடித்தமாதிரி ஓடும். எட்டடி மேசை ஒன்று கல்லோடு முந்நூறு நானூறு கிலோ வரும். சிலேட்டு என்றதும் எனக்கு ஒரு பாசம். முதலாம் வகுப்பில் மூன்று சிலேட்டு உடைத்தவன் நான். விலை கேட்டேன். என் பட்ஜெட்டுக்கு அந்த மேசையின் நாலு கால் வரும், சிலேட்டு வராது.

கல் இல்லாவிட்டால் எம்.டி.எப். மரநாரைப் பசை போட்டு அழுத்திய பலகை. பழைய சாமான் விற்கிற கொழும்புக்காரர் ஒருவரிடம் ஏழடி மேசை ஒன்று இருந்தது. போனில் தேன்மாதிரிப் பேசினார். "ஹோம் யூஸுக்கு இது தாராளம், சேர்." ஹோம் யூஸ் என்ற சொல்லில் நான் விழுந்தேன். கடையில் வைத்தால் ஆள் திட்டும், வீட்டில் வைத்தால் பெண்டாட்டி மட்டும் திட்டுவாள் என்பதுதான் அதன் தமிழ் என்று பிறகுதான் விளங்கியது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அளந்தேன். எங்கள் ஹோல் பதினான்குக்குப் பதினொன்று. மேசை ஏழுக்கு நாலு. வரைபுத் தாளில் ஒரு சென்ரிமீற்றர் ஓர் அடி என்று வைத்துக் கீறினேன். நடுவில் மேசை. நாலு பக்கமும் மூன்றரை அடி, மூன்றரை அடி. ஒரு பக்கம் கூட இல்லை, ஒரு பக்கம் குறைய இல்லை. அந்தச் சமச்சீரைப் பார்த்ததும் கணக்கு வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் அதை வகுப்பில் உதாரணமாகவும் காட்டினேன்.

கியூக் கம்பின் நீளம் ஐம்பத்தேழு இஞ்சி. ஐந்தடிக்கு மூன்று இஞ்சி குறைவு. இதை நான் வரைபில் கீறவில்லை. ஏன் கீறவில்லை என்று கேட்காதீர்கள். மேசையை வாங்குகிறவன் மேசையைத்தானே அளப்பான்!

விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். ஏழடி மேசையின் ஆடுகளம் எழுபத்தெட்டு இஞ்சிக்கு முப்பத்தொன்பது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பு நீளத்தைக் கூட்டினால் அறை பதினாறடிக்குப் பதின்மூன்றடி வேண்டும். 208 சதுர அடி. நான் பிறந்த லயத்துக் காம்பரா பன்னிரண்டுக்குப் பத்து, 120 சதுர அடி. அதற்குள் நாங்கள் ஏழு பேர், ஓர் அடுப்பு, மழைக்கு இரண்டு ஆடு. துரைமாரைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. எதற்கு எவ்வளவு இடம் என்று அவர்கள் ஒழுங்காக அளந்துதான் கட்டியிருக்கிறார்கள். அளக்கத் தெரியாதவன் நான்தான்.

மேசை லொறியில் வந்தது. பெரகலையில் ஏறி, ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல என்று அத்தனை வளைவிலும் ஆடி ஆடி வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி, நல்ல மழை. போர்வை சுற்றிய நீளமான சாமானை ஆறு பேர் தோளில் வைத்துச் சத்தமில்லாமல் இறக்கினால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு என்ன தோன்றும்? வாயில் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"யாருப்பா போனது?"

"யாரும் போகல பாட்டி. இது வருது."

பாட்டி அதற்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசுவதில்லை.

இஸ்தோப்புக்குள் மேசை நுழைந்தது. இஸ்தோப்பிலிருந்து ஹோலுக்குத் திரும்பவில்லை. தெமோதரையில் ரயிலையே வளைத்துத் திருப்பி ஸ்டேஷனுக்குக் கீழே விட்டிருக்கிறார்கள், ஒரு மேசையைத் திருப்ப முடியாதா என்று நான் வீரம் பேசினேன். மேசை கேட்கவில்லை. கடைசியில் மேசன் பாஸ் வந்து இஸ்தோப்புக் கிரில்லை அறுத்து, கதவு நிலையைக் கழற்றி, அதை உள்ளே தள்ளினார். பாஸுக்கு ஒரு நாள் கூலி, கிரில் வெல்டிங், நிலை திரும்பப் பூசச் சீமெந்து. வரைபுத் தாளில் இதற்கும் கோடு கிடையாது.

அன்றிரவே முதல் அடி. வீடே சுற்றி நின்றது. குனிந்தேன், ஒரு கண்ணை மூடினேன், கம்பைப் பின்னுக்கு இழுத்தேன். சுவர் தடுத்தது. கம்பின் அடி கலண்டரில் இடித்து, கலண்டர் விழுந்து, ஆணி என் தோளில் விழுந்தது. பந்து அசையவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிறகு எந்த இடத்தில் நின்றால் என்ன செய்வது என்று ஒரு சட்டம் உருவானது. வடக்குப் பக்கம் அடிக்க ஜன்னலைத் திறக்க வேண்டும். தெருவில் போகிறவர்களுக்கு ஜன்னலிலிருந்து ஒரு கம்பு வெளியே வரும், யோசிக்கும், உள்ளே போகும். கிழக்குப் பக்கம் அடிக்கக் குசினிக் கதவைத் திறந்து, "யாரும் இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். ஒருநாள் கேட்காமல் அடித்தேன். மனைவி கையில் தேத்தண்ணிக் கேத்தல். அதற்குப் பிறகு கிழக்குப் பக்கம் நான் ஆடுவதில்லை.

கம்பைக் குட்டையாக்கலாம் என்று பாஸ்தான் யோசனை சொன்னார். நல்ல யோசனை. பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன், அவர் வாளால் அறுத்தார். அறுத்த பிறகு பார்த்தால் தோல் நுனி இருக்கிற பக்கம் தரையில் கிடக்கிறது. மொட்டைக் கம்பு என் கையில். பாஸ் என்னைப் பார்த்தார், நான் பாஸைப் பார்த்தேன். கோடு போட்டது நான்தான்.

சரி, கம்பை விடுங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்ப்போம். நடுவில் வைத்தால் நிற்கவில்லை. மெதுவாகப் புறப்பட்டு, யாரிடமும் கேட்காமல், வாசல் பக்கத்து மூலைக் குழிக்குள் போய் விழுந்தது. எல்லாப் பந்தும் அப்படித்தான். எங்கள் சீமெந்துத் தரை, கழுவி ஊற்றினால் தண்ணீர் வாசலுக்கு ஓடவேண்டும் என்று சரித்துப் பூசியது. பூசச் சொன்னவனும் நான்தான். அந்தக் குழிக்கு மகன் "துன்ஹிந்த" என்று பெயர் வைத்தான். பதுளையில் எது விழுந்தாலும் பதுளு ஓயாவில் மிதந்து கடைசியில் துன்ஹிந்த அருவியில்தானே குதிக்கிறது.

ரசமட்டம் கடன் வாங்கி வந்து, ஒரு காலுக்குக் கீழே எதையாவது வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். பலகைத் துண்டு வழுக்கியது. காட்போட் நசிந்தது. கடைசியில் நானே தொகுத்து அச்சடித்த கடந்தகால வினாத்தாள் புத்தகம் ஒன்று அளவாக இருந்தது. நூறு பிரதிகள் விற்காமல் கிடந்தன. அந்தப் புத்தகத்தால் கொஞ்சமாவது உயர்ந்தது அந்த ஒரு கால்தான்.

இரண்டு கிழமை மேசை நேராக நின்றது. என் வாழ்வின் பொற்காலம் அது. பிறகு ஐப்பசி மழை வந்தது.

எம்.டி.எப். பலகைக்கு எங்கள் ஊர்க் காலநிலையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆடி ஆவணியில் கச்சான் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு அந்த வாசம் ஏறுவதே அந்தக் காற்றில்தான், ஏலத்தில் விலை கூடுவதும் அப்போதுதான். அதே காற்று என் பலகையைக் காய வைத்தது. மாரி மழை திரும்ப ஊற வைத்தது. தேயிலைக்கு வாசம் வந்தது, மேசைக்கு வயிறு வந்தது. நடுவில் ஒரு மேடு. அதற்கு மகன் "நமுனுகுல" என்று பெயர் வைத்தான். அசல் நமுனுகுல மலை இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயரம். இது அரை இஞ்சிதான். ஆனால் பந்துக்கு இரண்டும் ஒன்று.

மேட்டைச் சுற்றி மெதுவாக அடித்தால் பந்து ஒரு வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்துக்குக் கிட்டவே திரும்பி வரும். அது "தெமோதரை". இப்படியே என் மேசை பதுளை மாவட்டத்தின் வரைபடமாக மாறிக்கொண்டிருந்தது. மகனுக்குப் புவியியலில் ஏ. கணக்கில் எஸ். வாத்தியார் வீட்டுப் பிள்ளை.

இந்த நிலையில்தான் அப்பா பார்க்க வந்தார்.

அவர் உள்ளே வந்ததும் நான் கம்பை நீட்டினேன். வாங்கவில்லை. நேராகச் சுவரோரம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எழுபத்தெட்டு வயதிலும் கால் தானாக அந்த இடத்துக்குப் போகிறது. நான் ஆடினேன். நாலு தரம் அடித்தேன். அப்பா எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு கிட்டே வந்து புறங்கையால் துணியைத் தடவிப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிறமாதிரி. "நெப்பே இல்லையேப்பா" என்றார். கிளப் மேசைத் துணி கம்பளி. அதற்குப் புல்மாதிரி ஒரு ரோமம் உண்டு, அதுதான் நெப். விடிந்ததும் மேசையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்பக்கம் வரைக்கும், ஒரே திசையில், பிரஷ் பண்ண வேண்டும். குறுக்கே இழுக்கக்கூடாது. அதன் பிறகு அதே திசையில் இஸ்திரிப்பெட்டி. பெட்டியை முதலில் பழைய வெள்ளைத் துணியில் வைத்து எடுப்பாராம். துணி மஞ்சளானால் சூடு கூட, பொறுக்க வேண்டும். மேசையில் வைத்த பெட்டி நிற்கவே கூடாது. "நின்னா போச்சு. போய்க்கிட்டே இருக்கணும், ரயிலு மாதிரி." ஈரத்தைக் கொல்ல அதுதான் வழி என்றார். பேசும்போது அவர் வலது கை காற்றில் ஒரு மேசையை அழுத்திக்கொண்டே போனது.

அவ்வளவு விவரமாகச் சொன்னார். நான் கேட்டேன். இரவு அவர் தூங்கிய பிறகு, காலையில் எழுந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று, நானே இஸ்திரிப்பெட்டியை எடுத்தேன்.

கிளப் துணி கம்பளி. என் துணி பொலியெஸ்டர். இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில்தான் என் அறிவு நின்றுபோனது. பெட்டியின் திருகியைக் கம்பளியில் வைத்தேன். முதல் இழுப்பிலேயே ஒரு வாடை. என்னடா வாடை என்று குனிந்து பார்க்கப் பெட்டியை ஒரு கணம் நிறுத்தினேன்.

நின்றால் போச்சு என்று சொன்னாரே, போய்விட்டது. துணியில் அழகான ஓர் இருசமபக்க முக்கோணி, ஓரங்கள் கருகி, நடுவில் பலகை தெரிய. காலையில் அப்பா நெடுநேரம் அதைப் பார்த்தார். "துரைமாருங்க குடிச்சிட்டு சிகரெட்டால சுட்டிருக்காங்க. இஸ்திரிப்பெட்டியால சுட்டது நீதாம்பா மொதல் ஆளு." ஒரு நன்மை நடந்தது. பந்து அடுக்குகிற முக்கோணச் சட்டத்தை எங்கே வைப்பது என்று இனி யாருக்கும் குழப்பமில்லை.

பந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் பில்லியட்ஸ் பந்து யானைத் தந்தம். தந்தம் தட்டுப்பாடாகி, 1863இல் நியூயோர்க் கம்பெனி ஒன்று மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டொலர் தருவதாக விளம்பரம் கொடுத்தது. அந்த ஓட்டத்தில் பிறந்ததுதான் செலுலோயிட், நம் பிளாஸ்டிக் யுகத்தின் பாட்டி. எங்கள் பதுளைக்கும் யானைக்கும் ஒரு கணக்கு உண்டு. இங்கே அதிகாரம் செய்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். டவுனில் நிற்கிற சென்ற் மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டியது. இலங்கை யானையில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே கிடையாது. அத்தனையும் சுட்டும் பந்துக்கு உதவாத வேட்டை. என் மேசையைத் திட்டத் தோன்றும்போதெல்லாம் மேஜரை நினைத்துக்கொள்வேன். வீண் வேலையில் எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார்.

ஆறுதலுக்குக் கோத்தகிரிச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய், நீலகிரியிலும் தேயிலையையே பிடித்துக்கொண்டவர். ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகளை முதலில் எழுதி ஒட்டியதே ஊட்டி கிளப்பில்தான், சேம்பர்லேன் என்ற பட்டாளத்து அதிகாரி 1875இல் ஜபல்பூரில் கண்டுபிடித்து அங்கே கொண்டுபோனார் என்று நான் படித்ததை அளந்தேன். "சித்தப்பா, அந்த மேசையப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "கேட்டப் பாத்திருக்கேன். பஸ்ஸுல போறப்ப" என்றார். கடல் தாண்டிப் போயும் எங்கள் குடும்பத்துக்கும் பில்லியட்ஸ் மேசைக்கும் உள்ள தூரம் மாறவில்லை.

என் வீட்டில் மட்டும் அந்தத் தூரம் இல்லாமல் போய்விட்டது. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் தொடையில் இடிக்கிறது.

மனைவி ஆரம்பத்திலிருந்தே அதைச் சாப்பாட்டு மேசை என்றுதான் நினைத்தாள், கடைசியில் அவள் நினைத்ததுதான் நடந்தது. முதலில் காய்ந்த உடுப்பு மடிக்க. பிறகு மிளகு காய வைக்க. நமுனுகுலயில் பரப்பினால் மிளகு சீக்கிரம் காய்கிறதாம், உயரத்தில் காற்றுப் படுகிறதே. நான் பரீட்சைத் தாள் திருத்துவதும் அங்கேதான். கட்டிலிருந்து ஒரு பேப்பர் துன்ஹிந்தவில் விழுந்து, ஒரு தவணை முழுக்க ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு நான் "வரவில்லை" போட்டிருக்கிறேன். அவன் எண்பத்திரண்டு எடுத்திருந்தான்.

போன தீபாவளிக்கு அம்மா லயத்திலிருந்து பழைய கெரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருபத்தொன்பது இஞ்சிச் சதுரம். பூல் மேசையின் மேலே, மேட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு வினாத்தாள் புத்தகத்தை முட்டுக்கொடுத்து வைத்தோம். பவுடர் தூவினோம். நின்றுகொண்டே ஆடினோம். சுற்றி ஐந்தடி வேண்டாம், ஒரு முழங்கை போதும். ஜன்னல் திறக்க வேண்டாம், குசினியில் ஆள் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். சிவப்பைப் போட்டு அடுத்த காயையும் போட்டு அம்மா என்னை மூன்று ஆட்டமும் வென்றாள். அப்பா சுவரோரம் நின்று எண்ணினார். எண்ணுவதற்கு அன்றைக்குத்தான் ஏதோ இருந்தது, எல்லாம் அம்மா பக்கத்தில். அந்தக் கெரம் போர்ட் லயத்துக் காம்பராவுக்குள் ஏழு பேரோடும் இரண்டு ஆட்டோடும் இருந்த சாமான். நாற்பது வருஷம் முந்தியே எங்கள் வீட்டில் ஹோம் யூஸ் இருந்திருக்கிறது.

தை பிறந்ததும் மேசையை விற்க முடிவெடுத்தேன். வட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டேன். முக்கோணி தெரியாமல் அதன் மேல் பந்தை அடுக்கி வைத்துத்தான் படம் எடுத்தேன். கீழே என்ன எழுதுவது என்று அதிகம் யோசிக்கவில்லை. "ஹோம் யூஸுக்கு ஏற்றது" என்று எழுதினேன்.

பண்டாரவளையிலிருந்து ஒரு புது மாப்பிள்ளை வந்தார். நல்ல பையன். பாங்கில் வேலையாம், இப்போதுதான் வீடு கட்டி முடித்தாராம், ஹோல் கொஞ்சம் பெரிதாம். முக்கோணியைக் காட்டினேன். ஒளிக்க முடியவில்லை. துணி மாற்றிக்கொள்ளலாம் சேர் என்றார். மேட்டைக் காட்டினேன். பலகையும் மாற்றலாம் என்றார். கிரில்லை அறுக்க வேண்டும் என்றேன். அறுக்கலாம் என்றார். அந்தக் கண்ணில் இருந்த பச்சை எனக்குத் தெரிந்த பச்சை.

பிறகு பையிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்தார். நீளம் அளந்தார். அகலம் அளந்தார். உயரமும் அளந்தார். எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார். சுவரில் சாத்தியிருந்த கம்பை டேப் ஒரு தடவை உரசிக்கொண்டு போனது.

"அளவெல்லாம் பாத்துட்டேன் சேர். கணக்குச் சரி. என் ஹோலுக்கு அச்சாவா இருக்கும்" என்றார்.

மனைவி குசினிக் கதவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கம்பைப் பார்த்தேன், பையனைப் பார்த்தேன், இருபத்திரண்டு வருஷம் கணக்குப் படிப்பித்த தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"தம்பிக்கு இன்னொரு தேத்தண்ணி ஊத்து" என்றேன்.